நாற்பது வருஷத்து வால்

செப்டம்பர் 8, ஞாயிறு
மிட்லாண்ட், டெக்சாஸ்

இன்று போட்ட அடி: பூஜ்ஜியம். பாறை: இல்லை. தண்ணீர்: குழாயைத் திருகினால் வருகிறது.

போர்வெல் லாரியில் இருந்த காலமெல்லாம் டைரியின் முதல் வரியை இப்படித்தான் எழுதிப் பழக்கம். இப்போது தோண்ட ஒன்றும் இல்லாததால் மகள் வீட்டுச் சோபாவைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். திருச்செங்கோட்டில் பத்தாம் வகுப்பை ஆசைப்பட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, ரிக் வண்டியில் ஏறி ஆந்திரா, ஒரிசா, சத்தீஸ்கர் என்று தேசத்தையே ஓட்டை போட்டவன் நான். மகள் கோகிலவாணி ஒரு ஓட்டையும் போடாமல், அடுத்தவன் போட்ட ஓட்டையில் என்ன வரும் என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறாள். படிப்பு என்றால் இதுதான்.

போன மாதம் திடீரென்று கூப்பிட்டு, “கொஞ்ச நாள் வந்து எங்கூட இருங்கப்பா” என்றாள். டிக்கெட்டையும் அனுப்பிவிட்டாள். என் மனைவி சம்பூரணத்துக்கு முட்டிவலி, அவ்வளவு நேரம் விமானத்தில் மடக்கி உட்கார முடியாது. நான் மட்டும் வந்தேன். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. பெற்ற பெண்ணுக்கு அப்பனைப் பார்க்கத் தோன்றியிருக்கும், அவ்வளவுதான்.

ஊர் தட்டை. சப்பாத்தி தேய்க்கிறவன்கூட ஒரு ஓரத்தில் கொஞ்சம் தடிமன் விடுவான். கடவுளுக்கு இங்கே அந்தச் சோம்பல்கூட வரவில்லை.

செப்டம்பர் 11, புதன்

பாத்திரம் கழுவும் மிஷினில் துணி சோப்பைப் போட்டுவிட்டேன். அடுக்களை முழுக்க நுரை. கோகிலா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ராத்திரிச் சோற்றுக்கு அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு ஆக்கினேன். தட்டில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சுக் கொடுக்கலாம் என்று அவள் வேலையைப் பற்றிக் கேட்டேன். ஒரு தாளில் மலைச்சரிவு மாதிரி ஒரு கோடு வரைந்தாள்.

“இது பாறைக்குள்ள இருந்து எடுக்கற எண்ணெய்ங்கப்பா. மொத மாசம் பீச்சியடிக்கும். ஒரு வருஷத்துல முக்காவாசி படுத்துரும். அப்பறம் மெல்ல மெல்ல எறங்கும், வாலு மாதிரி. அந்த வாலு எத்தன நீளம்னு சொல்றதுதான் என்ர வேல.”

“எத்தன நீளமாம்?”

“நாப்பது வருஷம்னு வரையச் சொல்றாங்க.”

“கெணறு போட்டு எத்தன வருஷமாச்சு?”

“ரெண்டு.”

“அட! தவழுற கொழந்தையப் பாத்து, இது கெழடானதுக்கப்பறம் எத்தன இட்லி திங்கும்னு சொல்றாப்ல இருக்குதே!”

சிரித்தாள். புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். நான் வந்து இறங்கிய பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. என் நகைச்சுவை கடல் தாண்டியும் செல்லுபடியாகிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

கிணறு பார்க்கக் கூட்டிப்போனாள். வழி முழுக்க முள்ளும் புழுதியும். அழுகின முட்டை நாற்றம் வந்து வந்து போனது. இரும்புக் கழுதைகள் மாதிரி பம்புகள் வரிசையாக நின்று, குனிந்து நிமிர்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கின்றன. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவை பாட்டுக்கு ஆமாம் ஆமாம் என்கின்றன.

பம்பைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரப் பையனிடம் தொழில்காரன் தோரணையில், “ஹவ் மெனி இஞ்ச்?” என்று கேட்டேன். நம்மூரில் போரில் வரும் தண்ணீரை இஞ்சில்தானே சொல்வோம். அவன் என் இடுப்பைப் பார்த்துவிட்டு, “தேர்ட்டி ஃபோர்?” என்றான். பேண்ட் வாங்க வந்தவன் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. கோகிலா விளக்கினாள். கீழே பத்தாயிரம் அடி, அங்கிருந்து படுக்கைவசமாக இன்னொரு பத்தாயிரம் அடியாம். ஆயிரத்து இருநூறு அடி போட்டதற்கு ஊரில் மாலை போட்டுக்கொண்டவன் நான். வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது காரில் சொன்னாள்: “பழைய கெணறெல்லாம் தள்ளித் தள்ளிப் போட்டதுங்கப்பா. அதுக நல்லாக் குடுத்துது. இப்ப ஆசப்பட்டு நெருக்கி நெருக்கிப் போட்டுட்டாங்க. ஒண்ணோடத ஒண்ணு உறிஞ்சுது. ஆனா விக்கறதுக்குக் காட்டறப்ப பழைய கெணத்தோட கோட்ட எடுத்துப் புதுசுக்கு ஒட்டச் சொல்றாங்க.”

“உன்ர கணக்கு என்ன சொல்லுது?”

“பதினாலு வருஷம். அதுக்கு மேல பம்பு ஓட்டற செலவுக்கே கட்டாது.”

பதினான்கை நாற்பது என்கிறார்கள். நம்மூர் நிலத் தரகன்கூட இரண்டு மடங்குக்கு மேல் ஏற்ற வெட்கப்படுவான். படித்தவனுக்குத்தான் கூச்சம் விட்டுப்போகிறது. வீடு வரைக்கும் இவர்களைக் காறித் துப்பிக்கொண்டே வந்தேன். கோகிலா பாட்டுப் பெட்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

கோகிலா சாப்பிடவில்லை. ரசம் நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 28, சனி

கோகிலாவின் மேலதிகாரி வீட்டில் விருந்து. பெயர் ஜெயசீலன், அண்ணாநகர்க்காரன். இங்கே எல்லோரும் ஜே என்கிறார்கள். ஒரு எழுத்துக்கு மேல் கூப்பிட்டால் நேரம் வீண் போலிருக்கிறது. இடுப்பில் ஏப்ரன் கட்டிக்கொண்டு கரி அடுப்பில் கறித்துண்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். நம்மூர் புரோட்டா மாஸ்டரின் மணிக்கட்டு வீச்சு ஒரு வீசம் இல்லை, ஆனால் சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். பல் மட்டும் அப்படி ஒரு வெள்ளை. பார்த்துவிட்டு என் வாயை நான் மூடிக்கொண்டேன்.

என்னைத் தனியாகத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனான்.

“அங்கிள், கோகிலா ரொம்ப பிரில்லியண்ட். கொஞ்சம் பிடிவாதம் மட்டும்தான்.”

“அது அவங்காத்தா வழிங்க. நம்மளுது இல்லைங்க.”

“ஹா ஹா! இந்தக் கிணறெல்லாம் வாங்கப்போறது ஒரு பென்ஷன் ஃபண்டு, அங்கிள். ஸ்கூல்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க, பஸ் டிரைவர், ஆயா, அந்த மாதிரி. அவங்களுக்கு நாற்பது வருஷம்னு சொன்னாத்தான் நிம்மதியா தூங்குவாங்க. ரிப்போர்ட் கீழே கோகிலா பேர் இருக்கணும், கணக்குப் போட்டது அவதான். அவளோட கிரீன் கார்டு பேப்பர்கூட என் டேபிள்லதான் இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா.”

இவனை ஒரு தராசில் வைத்தால் மறு தட்டில் வைக்க ஒரு பிடி உமி போதும். அப்பேர்ப்பட்ட ஆள். நான் தலையாட்டினேன். மரியாதைக்காகத்தான்.

அக்டோபர் 3, வியாழன்

சம்பூரணத்தின் அண்ணன் ஈஸ்வரமூர்த்தி மச்சான் போனில் வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சிமெண்ட் கடை. அவரிடம் ஒரு சேதி சொன்னால் ஊருக்கு மைக் செட் கட்ட வேண்டியதில்லை.

“மாப்ள, பெருந்தொறைக்காரங்க நேத்துக் கடைக்கு வந்தாங்க. பையனோட அம்மா கேக்குது, பொண்ணுக்கு அந்தப் பச்சக் கார்டு எப்ப வருதுன்னு. அது வந்துருச்சுன்னா தை மாசமே கல்யாணத்த வெச்சுக்கலாம்ங்கறாங்க.”

“அதெல்லாம் வந்தமாதிரிதானுங்க மச்சான்.”

“வந்தமாதிரியா, வந்துருச்சா?”

“வந்துருச்சுன்னே வெச்சுக்கங்க.”

வைத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் திருச்செங்கோடு முழுக்க வைத்துக்கொண்டிருக்கும். பெருந்துறைக்காரர்கள் பெரிய மனிதர்கள் என்று பேர். பெரிய மனிதர்கள் ஒரு அட்டைக்காகக் காத்திருப்பதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. கோகிலாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. வேலைத் தொந்தரவில் இருக்கிறாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

காலையில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன். அவளாகவே ஆரம்பித்தாள்.

“அப்பா, அறிக்கைல கையெழுத்துப் போடச் சொல்லி புதன்கெழம வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. போடலைன்னா வேல போயிரும். வேல போச்சுன்னா ரெண்டு மாசத்துல இந்த நாட்ட விட்டே கெளம்பணும். நான் என்ன பண்ணட்டும்?”

இதை எல்லாம் கேட்க அவளுக்குப் படித்த சிநேகிதர்கள் இல்லையா? முள்ளங்கியைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நன்றாகத்தான் சொன்னேன்.

“இங்க பாரு கண்ணு. ஒலகத்துல எவன் நெசம் பேசறான்? நீரோட்டம் பாக்கறவன் தேங்காயக் கையில வெச்சுட்டு ஆடறான். ஜோசியக்காரன் கட்டம் போடறான். ஓட்டுக் கேக்கறவன் கும்புடு போடறான். அத்தன பேரும் திருட்டுப் பயலுக. வாங்க வர்றவன் மட்டும் யோக்கியனா? அவனும் எவன் தலைலயாச்சும் கட்டீருவான். இத்தன சாக்கடைக்கு நடுவுல உன்ர ஒரு கையெழுத்து சுத்தமா இருந்து என்ன கிழிக்கப் போவுது?”

“அப்ப போடட்டுமா?”

“போட்டுத் தொல. நாப்பது வருஷங் கழிச்சு எவன் இருந்து கேக்கப் போறான்?”

கையில் இருந்த சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

“நெசமாத்தான் சொல்றீங்களாப்பா?”

“பின்ன என்ன, வெளையாட்டா?”

துணிக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முள்ளங்கிச் சாம்பார் கொஞ்சம் கசந்தது. இந்த ஊர் முள்ளங்கி அப்படி.

அக்டோபர் 9, புதன்

போட்டுவிட்டாளாம். நான் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன். ஒன்று எடுத்துக்கொண்டாள்.

ஜெயசீலன் எனக்கே போன் போட்டு, “தேங்க்ஸ் அங்கிள், யூ ஆர் கிரேட்” என்றான். அவன் வாயால் பாராட்டு வாங்குவதும் ஒன்று, காக்கை எச்சம் தலையில் விழுவதும் ஒன்று. இருந்தாலும் சம்பூரணத்திடம் சொன்னேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

காபி கொண்டுபோய்க் கொடுத்தால், “தேங்க்ஸ்ப்பா” என்கிறாள். சட்டையை இஸ்திரி போட்டு வைத்தால், “தேங்க்ஸ்ப்பா.” கடைக்காரனுக்குச் சொல்வதை அப்பனுக்குச் சொல்கிறாள். அமெரிக்கா மனுஷனை எப்படி மாற்றிவிடுகிறது பாருங்கள்.

சும்மா இருக்க முடியாமல் நேற்றைய கோழிக் குழம்பை வைத்து ஜெயசீலனை நக்கல் அடித்தேன். அவன் கறி புரட்டுவதை நடித்துக் காட்டினேன், ஏப்ரனுக்குப் பதிலாகத் துண்டைக் கட்டிக்கொண்டு. பொதுவாக இந்த மாதிரி நடிப்புக்கு அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். “எனக்கு மீட்டிங் இருக்குதுங்கப்பா” என்று எழுந்து போனாள். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்.

அக்டோபர் 18, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

வாங்க வந்தவர்களுக்கு மத்தியானம் ஒரு ஓட்டலில் விருந்து. என்னையும் கூட்டி வரச் சொன்னானாம் ஜெயசீலன். ஆளுக்கொரு பலகை அளவு மாட்டுக்கறி வந்தது. எனக்கு மட்டும் உருளைக்கிழங்கு. பென்ஷன் ஃபண்டு சார்பில் மூன்று பேர். இரண்டு பேர் கோட்டுப் போட்ட பையன்கள், போனைத் தேய்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். மூன்றாவது ஆள் மிஸஸ் ஹார்லன் என்ற அம்மாள். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவராம். ஊழியர்கள் ஓட்டுப் போட்டு நிதிக்குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கையில் பழைய எண்ணெய்ச் சூட்டுத் தழும்பு. பெரிய சட்டி தூக்கினவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

ஜெயசீலன் என்னை அறிமுகப்படுத்தினான். கோகிலாவின் அப்பா, இந்தியாவில் பெரிய கிணற்று நிபுணர் என்றான். நான் மறுக்கவில்லை. நிபுணர் என்ற சொல்லை என் பெயரோடு சேர்த்துக் கேட்டது இதுவே முதல் தடவை.

மிஸஸ் ஹார்லன் என் பக்கம் திரும்பினார். மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். இந்தக் கோடுகளெல்லாம் எனக்குப் புரியவில்லை. எங்கள் ஆட்களுக்கு இதைவிட்டால் வேறு போக்கிடம் இல்லை. நீங்கள் கிணறு தோண்டினவர். உங்கள் பெண் நாற்பது வருஷம் என்கிறாள். நீங்கள் நம்புகிறீர்களா?

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோகிலாவும் பார்த்தாள். மகளை விட்டுக்கொடுக்க முடியுமா? இருக்கிற இங்கிலீஷையெல்லாம் திரட்டிக்கொண்டு, “வெரி குட் வெல், மேடம்! ஃபார்ட்டி இயர்ஸ், கன்ஃபர்ம்!” என்றேன். சிரித்த முகத்தோடுதான் சொன்னேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தேங்க் யூ” என்றார். கண் கலங்கியிருந்தது.

கோகிலா முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

“எங்கப்பா சொல்வது தவறு” என்றாள். இங்கிலீஷில்தான், ஆனால் எனக்கே புரிகிற இங்கிலீஷ். “அறிக்கையில் இருப்பதும் தவறு. இந்தக் கிணறுகளுக்குப் பதினான்கு வருஷம். அதற்கு மேல் நான் சொன்னால் அது பொய்.”

ஜெயசீலன் சிரித்தான். பல் அத்தனையும் தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக மறைந்தது. கோட்டுப் பையன்கள் முதல் தடவையாகப் போனைக் கீழே வைத்தார்கள்.

மிஸஸ் ஹார்லன் என் கையை விட்டார். விட்ட கையைத் துடைத்துக்கொள்ளவில்லை, ஆனால் மடியில் வைத்துக்கொண்டார். “அப்படியானால் ஏன் கையெழுத்துப் போட்டாய், பெண்ணே?” என்று கேட்டார்.

“பயந்துவிட்டேன்” என்றாள் கோகிலா.

காரில் நான்தான் முதலில் பேசினேன்.

“அத்தன பேரு முன்னால என்னையப் பொய்யனாக்கிப்போட்டியே அம்மிணி.”

வண்டியை ஓரமாக நிறுத்தினாள். வெளியே அந்தப் பம்புகள். என்னைப் பார்க்காமல் பேசினாள், சத்தமே இல்லாமல்.

“ஊருல ஒருத்தர விடாம நக்கல் பண்ணுவீங்களேப்பா. ஜோசியக்காரன், எம்மெல்லே, மாமா, சாமியாரு. சின்ன வயசுல இருந்து அதக் கேட்டுத்தான் வளந்தேன். எங்கப்பாவ எவனும் ஏமாத்த முடியாதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். இவனுகளையும் வந்து பாத்து, ‘தூ, இதெல்லாம் ஒரு பொழப்பா, வா போலாம்’னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னுதான் டிக்கெட்டே போட்டேன்.”

“நான் துப்பாமயா இருந்தேன்?”

“துப்புனீங்க. துப்பிப்போட்டு அவனுக கூடயே நில்லுன்னும் சொன்னீங்க. அந்த அம்மாகிட்டச் சொல்றப்ப உங்க மூஞ்சி மாறவே இல்லைங்கப்பா. சிரிச்சீங்க.”

பதில் சொல்ல நல்ல நல்ல வாக்கியங்கள் என்னிடம் இருந்தன. எல்லாம் ஜோசியக்காரனைப் பற்றியவை.

அக்டோபர் 21, திங்கள்

கோகிலா ஆபீஸிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியோடு திரும்பி வந்தாள். ஒரு காபிக் கோப்பை, ஒரு செடி, ஒரு ஸ்வெட்டர். வாசல் வரை காவலாளி கூடவே வந்து அனுப்பினானாம்.

நான் அரிசியைக் கழுவினேன். கழுவியதை மறந்து மறுபடியும் கழுவினேன்.

அக்டோபர் 23, புதன்

சாமான்களை விற்கிறோம். சாப்பாட்டு மேஜையைப் பார்க்க ஒரு மெக்சிகோக்காரத் தம்பதி வந்தார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. கோகிலா குனிந்து, ஒரு கால் ஆடுவதைத் தானாகவே ஆட்டிக் காட்டினாள். “ஏம்மா, அவங்களே பாக்கல, நீ எதுக்கு…” என்று ஆரம்பித்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் போனேன்.

அரிசியும் பருப்பும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். பகலிலேயே படுத்துத் தூங்கினாள். வந்த நாளிலிருந்து அவள் தூங்கி நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த ஃபண்டு கிணறுகளை வாங்கவில்லை என்று அவள் சிநேகிதி ஒருத்தி சேதி அனுப்பியிருக்கிறாள். ஜெயசீலன் அதே கோட்டை வேறு ஒரு கூட்டத்துக்குக் காட்டுகிறானாம். கீழே வேறு ஒரு பையனின் பெயர். நான் சொன்னது சரிதான், இவள் ஒருத்தி சுத்தமாக இருந்து ஒன்றையும் கிழிக்கவில்லை. நினைத்துப் பார்த்தேன். சரியாகச் சொன்னதில் ஒரு திருப்தியும் வரவில்லை.

அக்டோபர் 26, சனி

இங்கே சாயங்காலம், ஊரில் தீபாவளி விடிந்துவிட்டது. மச்சான் கூப்பிடுவார் என்று தெரியும். காலையிலிருந்தே ஒரு கதை தயார் செய்து வைத்திருந்தேன். எண்ணெய் விலை விழுந்துவிட்டது, கம்பெனியே மூடிவிட்டார்கள், ஆயிரம் பேருக்கு வேலை போய்விட்டது. நல்ல கதை. பெருந்துறைக்காரர்கள் பரிதாபப்பட்டிருப்பார்கள்.

கோகிலா அடுப்பில் தோசைக்கல்லை வைத்திருந்தாள். கை மாவாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“மாப்ள! எண்ண தேச்சுக் குளிச்சாச்சா? இங்க ஒரே வெடிச் சத்தம், நீங்க சத்தமாப் பேசுங்க! பெருந்தொறைக்காரங்க இன்னைக்குப் பலகாரத்தோட வர்றாங்க. பச்சக் கார்டு கைக்கு வந்துருச்சுன்னு சொல்லிப்போட்டேன்.”

“அது வர்லீங்க மச்சான். இனி வராதுங்க. பாப்பாவுக்கு வேல போயிருச்சு.”

“அய்யய்யோ! ஏனாம்? என்ன பண்ணுச்சு புள்ள?”

எண்ணெய் விலை நாக்கு நுனியில் இருந்தது. கல்லில் மாவு விழுகிற சத்தம் வரவில்லை. கோகிலா கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

“பொய்க் கணக்குல கையெழுத்து வாங்குனாங்க. வேண்டாம்னு எல்லாத்து முன்னாலயும் ஒடச்சுப் பேசிப்போட்டா. அதுக்குத்தான்.”

“அட கெரகமே! அறியாத புள்ளகிட்ட… அதுல கையெழுத்துப் போடுன்னு எந்த நாதாரி மாப்ள சொன்னான்?”

ஊரில் யாரோ சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். அது வெடித்து முடிகிற வரைக்கும் காத்திருந்தேன், காதில் சரியாக விழ வேண்டுமே என்று.

“நாந்தானுங்க மச்சான்.”